மூன்று தலைமுறைப் புகை

காரைக்கால் தலத்தெருவில் சண்முகசுந்தரத்தின் வீட்டைத் தேடி வருகிறவர்களிடம் யாரும் கதவு எண் சொல்வதில்லை. "நேராப் போங்க, இருமல் சத்தம் கேக்கும், அந்த வீடுதான்" என்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட், ஆக இருபது சிகரெட். எழுந்ததும் ஒன்று. காபி வருவதற்காக ஒன்று, வந்த காபியைக் கௌரவிக்க ஒன்று. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் என்பதால் ஒரு கோப்பைத் திறக்க ஒன்றும், திறந்த கோப்பை அப்படியே மூடி வைக்க ஒன்றும் தேவைப்பட்டன. முப்பது வருடமாக இந்த ஒழுங்கில் அவர் ஒரு நாளும் பிசகியதில்லை. வேறு எந்தக் காரியத்திலும் அவரிடம் இவ்வளவு ஒழுங்கைப் பார்த்ததாக அவர் மனைவி மங்கையர்க்கரசிக்கு நினைவில்லை.

ஒரே மகள் உமாமகேஸ்வரி பயோடெக்னாலஜியில் எம்.எஸ்சி. முடித்து ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். வகுப்பில் அறுபது பிள்ளைகள் அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார்கள். வீட்டில் இருந்த ஒரே மாணவருக்கு மட்டும் எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஏறாமல் இருப்பதற்கு அவர் அரும்பாடு பட்டார் என்றும் சொல்லலாம்.

"எங்கப்பா எண்பத்தெட்டு வயசு வரைக்கும் சுருட்டு குடிச்சாரு. விழுந்து செத்தாரே தவிர இருமிச் சாவல. அந்த ஜீனுதானே எனக்கும்?" என்பார்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் உமா படம் போட்டுக் காட்டினாள். "இது நுரையீரல் செல்லுப்பா. இதுக்குள்ள ஒரு பெரிய ஆவணம் இருக்கு. செல்லு ரெண்டா ஆவறப்ப அதைப் பாத்துதான் நகல் எடுக்கும். நீங்க இழுக்கிற புகையில இருக்கிற தாரு அந்த ஆவணத்துல அங்கங்க ஒட்டிக்குது. ஒட்டின எடத்துல நகல் தப்பா விழுது."

"நகல்ல தப்பு விழுந்தா திருத்திச் சுருக்கொப்பம் போட வேண்டியதுதானே."

"திருத்தறதுக்கும் உள்ள ஆளு இருக்கு. அந்த ஆளையும் நீங்க புகையிலயே அடிச்சுப் போட்டுடறீங்க. தப்பு சேந்துக்கிட்டே போனா ஒரு நாளைக்கு அந்தச் செல்லு யார் பேச்சையும் கேக்காம வளர ஆரம்பிக்கும். அதுக்குப் பேருதான் புற்று."

"சரி, நான் நிறுத்திட்டா?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மாறிப்போன ஜீன்ல நெறய பழையபடி ஆயிடும். சிலது மட்டும் எத்தனை வருஷமானாலும் திரும்பாதுன்னு ஆராய்ச்சியில சொல்றாங்க."

"திரும்பாததுக்கு எதுக்கு நிறுத்தணும்?" என்று கேட்டுவிட்டு அந்தக் காலண்டர் தாளிலேயே சாம்பலைத் தட்டினார். இத்தனை வருட சர்வீசில் இப்படித்தான் எத்தனையோ மனுக்களைத் தள்ளுபடி செய்திருக்கிறார். உமாவுக்கு அழுகை வந்தது. அவர் செத்துப்போவார் என்ற பயம் அவளுக்குப் பதினைந்து வயதிலிருந்து உண்டு. காலையில் அவர் இருமி முடிக்கும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான், 2007 டிசம்பரில், பக்கத்து ஊர் போலகத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை அன்பழகன் பாரிசுக்குப் பக்கத்தில் விமான நிலையத்தில் வேலை பார்க்கிறான். பிரெஞ்சுக் குடியுரிமை. காரைக்காலில் இந்த ஒரு வார்த்தைக்குள் ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் அடங்கிவிடும்.

மார்கழியில் பெண் பார்க்கக் கூடாது. ஆனால் பிரான்சில் கிறிஸ்துமசுக்குத்தான் லீவு கொடுக்கிறார்கள். சாஸ்திரத்துக்கும் பாரிசுக்கும் நடுவில் பெரியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பெண் பார்க்க வரவில்லை, சும்மா காபி குடித்துவிட்டுப் போக வருகிறார்கள். அப்படிச் சும்மா காபி குடிக்க ஒரு வேன் நிறைய ஆட்கள், பூ பழம் சகிதம் வந்து இறங்கினார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பனார் சிவநாதன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். கக்கத்தில் ஒரு தடித்த ஃபைல். அதில் அவர் குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் பிரெஞ்சில் மொழிபெயர்க்கப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு, தேதிவாரியாக இருந்தன. மனிதர்கள் பிறப்பதும் சாவதும் அந்த ஃபைலில் ஏறுவதற்காகத்தான் என்று அவர் மனதார நம்பினார்.

அவர் கூடத்தில் கால் வைத்ததுமே மூக்கைச் சுருக்கினார். சுவர், திரைச்சீலை, சோபா எல்லாவற்றிலும் முப்பது வருடப் புகை குடியிருந்தது.

"சம்பந்தி சிகரெட் பிடிப்பீங்களோ?"

"எப்பவாவது ஒண்ணு," என்றார் சண்முகசுந்தரம். சமையலறையில் மங்கையர்க்கரசியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"எங்க நாட்டுல வர்ற ஜனவரியிலேருந்து காபிக்கடையில கூட பிடிக்கக் கூடாதுன்னு சட்டம்," என்றார் சிவநாதன். 'எங்க நாடு' என்று அவர் சொல்வது போலகம் அடங்காத நாடு. "பிரெஞ்சு டிவியில டாக்டரு ஒருத்தர் சொன்னாரு. சிகரெட் பிடிச்சா ஜீனே மாறிப்போவுதாம். நம்ம ஜீனு பொண்ணுக்குத்தானே போவும்? பொண்ணுக்கிட்டேருந்து நாளைக்கு என் பேரனுக்கு. அவன் இருமிக்கிட்டே பொறப்பான்."

சண்முகசுந்தரம் சிரிக்கப் பார்த்தார். சிவநாதன் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க சம்பந்தி. எங்கப்பா அறுபத்திரண்டுல, காரைக்கால் இந்தியாவோட சேந்தப்ப, ஒரே ஒரு கையெழுத்துதான் போட்டாரு, நான் பிரெஞ்சுக்காரனா இருக்கேன்னு. அதுல நான் பிரெஞ்சு. இந்தப் புள்ள போலகத்துல பொறந்தான், இவனும் பிரெஞ்சு. இவனுக்குப் பொறக்கப் போறதும் பிரெஞ்சு. ஒரு கையெழுத்தே மூணு தலைமுறைக்கு எறங்குது. முப்பது வருஷப் புகை எறங்காதா?"

இந்த நியாயத்துக்குக் கூடமே தலையாட்டியது. காரைக்காலில் பாட்டனின் கையெழுத்தால் பேரன் விமானம் ஏறுவதை எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். சண்முகசுந்தரத்தின் முகம் மெல்ல வெளுத்தது. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், பாக்கெட்டைத் தொட்டுவிட்டு, சுட்டதைப்போலத் திரும்பி வந்தது.

"நீ படிச்ச புள்ள, சொல்லும்மா," என்று உமாவைப் பார்த்தார். "மாமா சொல்றது நெசமா?"

காபித் தட்டோடு நின்ற உமாவுக்கு இது முதல் வருடப் பாடம். நுரையீரல் செல்லில் விழுந்த தப்பு நுரையீரலோடு சரி; பிள்ளைக்குப் போவது வேறு இடத்துச் செல். ஆனால் எந்த இடம் என்று சொல்ல வேண்டுமே. தன்னைப் பார்க்க வந்தவர்கள் முன்னால், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, விந்தணு என்று எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? அந்தத் தயக்கத்தில்தான் அவள் அப்பாவின் கையைப் பார்த்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் படம் போட்டுக் காட்டியபோதெல்லாம் ஒரு நாளும் நடுங்காத கை.

"மாமா சொல்றதைத் தப்புன்னு சொல்ல முடியாதுப்பா," என்றாள் உமா. படித்த படிப்பு முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்தில் விற்றுவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

சிவநாதன் தீர்ப்புச் சொன்னார். ஆறு மாதம் ஒரு சிகரெட் கூடத் தொடக்கூடாது. அதற்குள் ஜீன் சுத்தமாகிவிடும். டாக்டரிடம் சர்ட்டிபிகேட் வாங்கிக் கொடுத்தால், ஆனியில் பையன் லீவுக்கு வரும்போது நிச்சயம் செய்துகொள்ளலாம். ஜீன் எப்போது, எப்படிச் சுத்தமாகும் என்பதை பிரெஞ்சு டிவி டாக்டர் சொன்னாரா, இவரே நிர்ணயித்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் சண்முகசுந்தரம் பாக்கெட்டைத் தூக்கிச் சாக்கடையில் போட்டார். அடுத்த பத்து நாள் அந்த வீட்டில் மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. காபி சூடில்லை என்று டம்ளர் பறந்தது. கிராம்பு, ஏலக்காய், சீரகம் என்று அஞ்சறைப்பெட்டியை அவர் வாயிலேயே காலி செய்தார். நாலாம் நாள் தெருமுனைப் பெட்டிக்கடை செல்லையன், சார் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே முடிவு செய்து, துக்கம் விசாரிக்க மேல்துண்டோடு வந்துவிட்டான். உயிரோடு கதவைத் திறந்தவரைப் பார்த்து அவன் அடைந்த ஏமாற்றம் கொஞ்சமல்ல.

ஆனால் மனிதர் தொடவில்லை. இரண்டாம் மாதம் காலை இருமல் பாதியாயிற்று. நாலாம் மாதம் அலுவலக மாடிப்படியை நடுவில் நிற்காமல் ஏறினார். ஐந்தாம் மாதம் உபதேசம் ஆரம்பித்தது. அலுவலகத்தில் எவன் பீடியை எடுத்தாலும், "உன் பேரன் மூச்சுல கை வைக்கிற நீ" என்று எதிரில் போய் நின்றார். கையெழுத்துக் கதையை சிவநாதனைவிட உருக்கமாகச் சொன்னார். காரைக்காலில் அந்த வருடம் மரபணுவைப் பற்றிப் பரவிய பொய்களில் பெரும்பங்கு, பயோடெக்னாலஜி படித்த பெண்ணின் தகப்பனார் வழியாகப் பரவியதுதான்.

உமாவுக்கு ஒரு பக்கம் உயிர் வந்தது. இன்னொரு பக்கம் வயிறு எரிந்தது. "பத்து வருஷம் பொண்ணு கெஞ்சினேன், கேக்கல. பிரான்சு பாஸ்போர்ட்டு ஒரு தடவை சொன்னா கேக்குது பாரும்மா," என்றாள் தாயிடம்.

"எதுக்கு விட்டா என்னடி. விட்டாருல்ல," என்றாள் மங்கையர்க்கரசி. "நீ உண்மையக் கிண்மையச் சொல்லித் தொலைக்காத." தாயிடம் மட்டும் உமா அந்த ரகசியத்தைச் சொல்லியிருந்தாள்.

ஞாயிறுதோறும் அன்பழகன் போனில் பேசினான். அதிகம் பேசத் தெரியாத, கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிற பையன். சிகரெட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. அப்பனே பிறத்தியார் வீட்டு நுரையீரலுக்கு நிபந்தனை போடும்போது பிள்ளையைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

ஆனி வந்தது. மார்பு எக்ஸ்ரே எடுத்த டாக்டர், 'நுரையீரல் தெளிவாக இருக்கிறது' என்று நாலு வரி எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரேயில் ஜீன் தெரியாது என்ற விவரம் சிவநாதனை எட்டவில்லை. அவர் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முத்திரை இருக்கிறதா என்று தடவி, ஃபைலில் சேர்த்துக்கொண்டார். நிச்சயத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது.

நிச்சயத்தன்று கூடம் நிறைய ஜனம். தேங்காய், பழம், புடவை எல்லாம் வைத்த தட்டுகள் நடுவில் இருந்தன. தட்டு மாற்ற வேண்டிய நேரத்தில் சண்முகசுந்தரம் சட்டென்று தலையைத் தூக்கினார். புகையை விட்டவர்களுக்கு மூக்கு திரும்பி வரும். அவருக்கோ வேட்டை நாயின் மூக்காகவே வந்திருந்தது. சாம்பார், மல்லிகை, சாம்பிராணி இத்தனையையும் தாண்டி அந்த ஒன்றை அது பிடித்துவிட்டது. எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

கிணற்றடித் தென்னைக்குப் பின்னால் மாப்பிள்ளை, பட்டு வேட்டியும் சந்தனமுமாகப் புகைவிட்டுக்கொண்டிருந்தான். மாமனாரைப் பார்த்ததும் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். முதுகிலிருந்து புகை வந்தது.

சண்முகசுந்தரம் அவன் கையிலிருந்த பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்து தாம்பூலத் தட்டில், தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்தார். அதன் மேல் கறுப்பாகக் கொட்டை எழுத்தில் பிரெஞ்சில் என்னவோ அச்சிட்டிருந்தது.

"என்ன போட்டுருக்குன்னு படிங்க சம்பந்தி," என்றார்.

சிவநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பிடிச்சா செத்துப்போவேன்னு போட்டுருக்கு. அங்க எல்லாப் பாக்கெட்டுலயும் போடுவான். அது குளிர் தேசம் சம்பந்தி. ரெண்டொண்ணு இழுத்தாத்தான் உடம்பு தாங்கும்."

"கையெழுத்து எறங்கும்னீங்களே."

"அது வந்து, பொண்ணு வழியா வர்றதுதான்…"

"குடியுரிமை மட்டும் புள்ள வழியா எறங்கும், புகை மட்டும் பொண்ணு வழியா எறங்குமா? என் பொண்ணு வயித்துல வர்ற கொழந்தைக்கு மூச்சு கெட்டுப்போவணுமா? எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம். தட்டை எடுத்துக்குங்க."

உமா அசந்துபோனாள். இவர் பிரான்சுக்காக விட்டார் என்றல்லவா ஆறு மாதமாக மனதுக்குள் கருவிக்கொண்டிருந்தாள். இதோ பிரான்சைத் தட்டோடு தூக்கிக் கொடுக்கிறார், கை நடுங்காமல். இன்னும் உருவாகாத ஒரு குழந்தையின் மூச்சுக்காக அந்த மனிதர் நூற்று எண்பது நாள் கிராம்பைக் கடித்திருக்கிறார். அதைப் போய் அவள் பாஸ்போர்ட் ஆசை என்றிருந்தாள். அவள் முகம் சுட்டது.

"நீங்க சொல்லுங்க," என்று அன்பழகன் அவளைப் பார்த்துக் கேட்டான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "கொழந்தைக்கு வருமாங்க? நெசமாவே?"

கூடம் முழுக்க அவள் வாயைப் பார்த்தது. தாய் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். 'வரும்' என்று ஒரு சொல் சொன்னால் கல்யாணம் போகும். அப்பா சாகும்வரை சிகரெட்டைத் தொடமாட்டார். ஆனால் உமாவுக்கு இன்னொரு நினைப்பு வந்தது. ஆறு மாதம் நல்ல மூச்சு விட்டுப் பார்த்துவிட்டார், படி ஏறிப் பார்த்துவிட்டார், இனி எதற்குத் திரும்பிப் போவார்? பெண்ணுக்காக இவ்வளவு செய்தவரைப் பொய்யால் கட்டிவைப்பது அவளுக்கு அசிங்கமாகப் பட்டது. படித்தவர்களுக்கு மனிதர்கள் மேல் அவ்வப்போது இப்படி ஒரு நம்பிக்கை வந்துவிடும்.

"வராது," என்றாள். "நுரையீரல்ல ஆன மாத்தம் நுரையீரலோட சரி. நெஞ்சு வழியா யாரும் புள்ள பெத்துக்கறதில்ல மாமா. அன்னைக்கே எனக்குத் தெரியும். அப்பா விடணும்னுதான் மாத்திச் சொன்னேன்."

பெண்கள் பக்கத்தில் யாரோ சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்கள். மங்கையர்க்கரசி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிவநாதனுக்கு அவமானப்படுவதா, பிழைத்தோம் என்று மூச்சு விடுவதா என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு, "நானும் டிவியில சொன்னதைத்தான் சொன்னேன்," என்று பிரெஞ்சு நாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தட்டைப் பக்கத்தில் இழுத்தார். நல்ல நேரம் முடிய ஏழு நிமிடம் இருந்தது. சண்முகசுந்தரத்துக்கு மறுக்க இனிக் காரணமும் இல்லை. பாக்கெட்டை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுத் தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது சண்முகசுந்தரம் மகளைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். அடிப்பார் என்றுகூட அவள் எதிர்பார்த்தாள். அவர் குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"நெசமா எறங்காதா உமா?"

"எறங்காதுப்பா."

"உனக்கு?"

"எனக்கும் இல்ல."

"கொழந்தைக்கு?"

"இல்லப்பா. எல்லாம் உங்களுக்குத்தான். உங்க உடம்பு மட்டுந்தான். இந்த ஆறு மாசத்துல உள்ள எவ்வளவோ பழையபடி ஆயிருக்கும்ப்பா. இனிமே தொட்டீங்கன்னா…"

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆறு மாதமாக நெற்றியில் இருந்த சுருக்கம் பிரிந்து, அவள் பார்த்தே இராத ஒரு நிம்மதி அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"எனக்குத்தானே," என்றார், பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறவரின் குரலில். அவள் தலையில் கையை வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கொல்லைப்பக்கம் நடந்தார்.

உமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய் அவர் கையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. பிடித்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அவளே சொல்லி முடித்திருந்தாள். தென்னையடியில் அன்பழகன் தனியாக நின்றுகொண்டிருந்தான். சண்முகசுந்தரம் அவன் முன்னால் போய், இரண்டு விரலை நீட்டினார்.

நல்ல இடத்துப் பிள்ளை, மரியாதை தெரிந்தவன். பாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினான். மாமனார் எதிரில் பிடிக்கக் கூடாது என்று தான் ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல், குனிந்து, காற்றுக்குக் கையால் அணை கொடுத்து, அவருக்கு மட்டும் பற்ற வைத்தான்.